மூவாயிரம் பேருக்கு இருபத்தஞ்சாயிரம் சீட்டு: டார்லிங்டன் கிரவுண்டு மாறின கதை

கம்ப்யூட்டர்ல ஃபுட்பால் மேனேஜர் கேம் ஆடினவங்களுக்கு இது தெரியும். கடைசி டிவிஷன்ல பேர் தெரியாத ஒரு டீமைப் பிடிச்சு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து வருஷத்துக்கு ஒரு படி மேல ஏத்திட்டே போவோம், ஒரு நாள் ஸ்கிரீன்ல கிளப் புது ஸ்டேடியம் கட்டப்போகுதுன்னு மெசேஜ் வரும், அன்னிக்கு நமக்குத் தீபாவளி. அந்த கேம்ல புது ஸ்டேடியம்னா நல்லது மட்டும்தான். சீட்டு கூடும், கூட்டம் கூடும், காசு கூடும். நான் ரொம்ப நாள் கட்டி மேய்ச்ச டீம் டார்லிங்டன். நிஜத்துல அந்த கிளப்புக்கு புது ஸ்டேடியம் வந்தப்ப என்ன ஆச்சுன்னு பின்னாடி படிச்சப்பதான் கேம்ல எதைச் சொல்லாம விட்டாங்கன்னு புரிஞ்சுது.

டார்லிங்டன் இங்கிலாந்தோட வடகிழக்குல இருக்கு. 1825ல ஸ்டாக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் நடுவுல ரயில் விட்டாங்களே, அதே ஊர்தான். ஜனத்தொகை சுமாரா ஒரு லட்சம். குவேக்கர்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேந்த குடும்பங்க தொழில் நடத்தி வளர்த்த ஊர்ங்கறதால கிளப்புக்கு குவேக்கர்ஸ்னு பட்டப்பேர், ஊர்க்காரங்க வாயில டார்லோ. 1883ல ஆரம்பிச்ச கிளப், ஆனா இங்கிலீஷ் லீக்ல நாலாவது டிவிஷன்னு ஒண்ணு வந்ததுக்கு அப்பறம் முக்கால்வாசி நாள் அதுலயே குடியிருந்துச்சு. ஒரு தடவை, 1999-2000 சீசன்ல, மான்செஸ்டர் யுனைடெட் பிரேசில்ல ஒரு கிளப் உலகக்கோப்பைக்குப் போறோம்னு எஃப்.ஏ. கோப்பைல இருந்து விலகிட்டாங்க, அந்தக் காலி இடத்தை நிரப்ப முந்தின ரவுண்டுல தோத்த டீம்களுக்குள்ள குலுக்கல் போட்டதுல டார்லிங்டன் பேரு வந்துச்சு. தோத்த பிறகும் அடுத்த ரவுண்டு ஆடின டீம்! அதுலயும் ஆஸ்டன் வில்லாகிட்ட 2-1னு தோத்தாங்க, அது வேற விஷயம்.

அவங்க பழைய கிரவுண்டு பேரு ஃபீதம்ஸ். டவுன் நடுவுல, ஸ்கெர்ன் ஆத்தை ஒட்டி, கிரிக்கெட் கிரவுண்டுக்குத் தோளோட தோளா இருந்துச்சு. வாசல்ல ரெண்டு சின்ன கோபுரம். ஒரு கோல் போஸ்டுக்குப் பின்னாடி இருந்த கொட்டகைக்கு டின் ஷெட்னே பேரு, தகரக் கொட்டாய்தான், சத்தமெல்லாம் அங்க இருந்துதான் வரும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ஹாஃப் டைம்ல ஃபேன்ஸ் எழுந்து கிரவுண்டைச் சுத்தி நடந்து எதிர்ப்பக்கம் போயிடுவாங்க, ஏன்னா செகண்ட் ஹாஃப்ல நம்ம டீம் அந்தப் பக்கம்தானே கோல் போடப்போகுது. வழில டீயைக் குடிச்சு, தெரிஞ்சவனைப் பாத்து ரெண்டு வார்த்தை திட்டிட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்னுக்கலாம். சனிக்கிழமை மத்தியானம் கடைவீதிக்கு வந்தவன் அப்படியே பொடிநடையா வந்து மேட்ச் பாத்துட்டு, திரும்பிப் போற வழில பப்புல உக்காந்துட்டு வீட்டுக்குப் போவான். இந்த நடை தூரத்தை மறந்துடாதீங்க, பின்னாடி வேலை இருக்கு.

கூட்டம் எவ்வளவு? கடைசி காலத்துல ஃபீதம்ஸ் கொள்ளளவு எட்டாயிரத்துச் சொச்சம். அங்க ஆடின கடைசி சீசன் 2002-03, சராசரிக் கூட்டம் மூவாயிரத்தை ஒட்டி. அதாவது பாதி கிரவுண்டு கூட நிறையல. ஃபீதம்ஸோட ரெக்கார்டு 21,023, 1960 நவம்பர்ல போல்ட்டன் வாண்டரர்ஸ் கூட லீக் கோப்பை மேட்சுக்கு வந்தது, ஆனா அது நின்னு பாக்குற காலம், டிவி பெருசா இல்லாத காலம். 2000-த்துல அதே ஊர்ல அதே கூட்டம் எங்கயோ ஒளிஞ்சு உக்காந்திருக்கு, நல்ல சீட்டு போட்டா வெளிய வந்துரும்னு நம்புறதுக்கு ஒரு தனி மனசு வேணும். அந்த மனசு ஒருத்தர்கிட்ட இருந்துச்சு.

ஜார்ஜ் ரெனால்ட்ஸ். அனாதை இல்லத்துல வளர்ந்தவர், சின்ன வயசுல இரும்புப் பெட்டி உடைக்கிற திருடனா இருந்து ஜெயிலுக்குப் போனவர், அப்பறம் கிச்சன் மேடைப் பலகை செஞ்சு வித்து பெரும் பணக்காரர் ஆனவர். சினிமாக்கு எழுதினா நம்ப மாட்டாங்க. 1990கள் கடைசில ஃபீதம்ஸ்ல புதுசா ஒரு ஈஸ்ட் ஸ்டாண்டு கட்டப்போய் கிளப் கடன்ல மாட்டிச்சு (ஒரு ஸ்டாண்டுக்கே மூச்சு வாங்கினதை கவனிங்க), 1999ல ரெனால்ட்ஸ் வந்து கடனை எல்லாம் அடைச்சு கிளப்பைக் கையில எடுத்தாரு. அஞ்சு வருஷத்துல பிரீமியர் லீக்கு, அதாவது உச்சி டிவிஷன்னாரு. 2000 மே மாசம் வெம்ப்ளில பிளே-ஆஃப் (மேல் டிவிஷனுக்குப் போக மிச்சமிருக்குற ஒரு இடத்துக்கு ஆடுற சுத்து) ஃபைனல் வரைக்கும் டீம் போனதும், பீட்டர்பரோகிட்ட 1-0 தோத்தாலும், ஊருக்கே கொஞ்சம் கிறுக்கு பிடிச்சுதான் இருந்திருக்கும். 2002ல கொலம்பியாக்காரர் அஸ்பிரில்லாவை, நியூகாசில்ல ஆடின அதே ஃபௌஸ்டினோ அஸ்பிரில்லாவை, ஃபீதம்ஸ் கிரவுண்டுல கூட்டத்துக்கு முன்னாடி நிறுத்தி நம்ம டீமுக்கு வர்றார்னு காட்டினாங்க. அவரு கையெழுத்தே போடாம ஊரை விட்டுப் போயிட்டாரு.

அதுக்குள்ள ஊருக்கு வெளிய, தெற்குப் பக்கம், ஏ66 ரோட்டை ஒட்டி, ஸ்டேடியம் எழும்பிட்டு இருந்துச்சு. 25,000 சீட்டு, எல்லாமே உக்கார்ற சீட்டு, நாலு பக்கமும் மூடின கிண்ணம் மாதிரி. உள்ள எஸ்கலேட்டர், பளிங்குக்கல். சுமார் 2 கோடி பவுண்டுன்னு சொல்றாங்க. பேரு ரெனால்ட்ஸ் அரீனா, வேற என்ன இருக்கும்.

சரி, ரெனால்ட்ஸைப் பைத்தியம்னு சொல்லிட்டு நகர்ந்துடலாம், நிறைய பேர் அப்படித்தான் எழுதுறாங்க. எனக்கு அது பத்தல. ஏன்னா அவரு நம்பினதுக்கு கண்ணு முன்னாடியே உதாரணம் இருந்துச்சு, அதுவும் பக்கத்து ஊர்லயே.

டார்லிங்டன்ல இருந்து கிழக்கால கொஞ்ச தூரத்துல மிடில்ஸ்பரோ. 1903ல இருந்து ஆடின ஏர்சம் பார்க்கை விட்டு 1995ல ரிவர்சைடுக்குப் போனாங்க. அதுக்கு முந்தின சீசன் சராசரி 18 ஆயிரத்துச் சொச்சம், போன முதல் சீசன் 29 ஆயிரத்தை ஒட்டி. வடக்கால போனா சண்டர்லண்டு. 1898ல திறந்த ரோக்கர் பார்க், கடைசி வருஷங்கள்ல கொள்ளளவு 22,500 மாதிரி, சராசரி 20 ஆயிரத்துச் சொச்சம். 1997ல பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்துல கட்டின ஸ்டேடியம் ஆஃப் லைட்டுக்குப் போறாங்க. இதுல விசேஷம், அந்த வருஷம்தான் டீம் பிரீமியர் லீக்ல இருந்து கீழ இறங்கிருக்கு. டீம் இறங்கிடுச்சு, கூட்டம் ஏறிடுச்சு, சராசரி 33 ஆயிரத்தைத் தாண்டுச்சு. 1999ல திரும்ப பிரீமியர் லீக்குக்கு ஏறினாங்க, 2000-01ல சராசரி 46 ஆயிரத்துக்கும் மேல போச்சு. இதையெல்லாம் தினமும் பேப்பர்ல படிக்கிற காசுள்ள மனுஷன், கட்டினா வருவாங்க போலயேன்னு நினைச்சா, தப்பு சொல்ல முடியல. ஆனா அவரு ஒரு எண்ணைப் பாக்காம விட்டுட்டாரு. புது ஸ்டேடியத்து எண்ணை இல்ல, பழைய கிரவுண்டு எண்ணை.

பழைய கிரவுண்டு முட்டுச்சா, முட்டலையா

ரோக்கர் பார்க்ல நூறு இடம் இருந்தா தொண்ணூறுக்கு மேல ஆள் இருந்தான். அப்படின்னா பெரிய மேட்சுக்கு டிக்கெட் கிடைக்காம திரும்பினவன் எத்தனையோ பேர், கிடைக்காதுன்னு தெரிஞ்சு கேக்கவே கேக்காதவன் இன்னும் எத்தனையோ பேர். கிரவுண்டு ஒரு மூடி மாதிரி கூட்டத்தை அமுக்கிட்டு இருந்துச்சு, மூடியைத் திறந்ததும் பொங்குச்சு. ஃபீதம்ஸ்ல நூத்துக்கு நாப்பது இடம்தான் நிறைஞ்சுது. சாதாரண சனிக்கிழமைல அங்க டிக்கெட் கிடைக்காம எவனும் திரும்பிப் போகல. வரணும்னு நினைச்சவன் எல்லாம் ஏற்கனவே உள்ளதான் இருந்தான். அமுக்கி வைக்க ஒண்ணும் இல்லாத இடத்துல மூடியைத் திறந்தா ஆவி கூட வராது.

இதுக்கு இன்னொரு நல்ல சாட்சி இங்கிலாந்தோட அந்தக் கடைசில இருக்கு. பிரைட்டன். ஏற்கனவே வித்துட்ட கோல்ட்ஸ்டோன் கிரவுண்டை விட்டு 1997ல வெளிய வந்து, போக்கிடம் இல்லாம ரெண்டு வருஷம் ரொம்ப தூரத்துல இருக்குற ஜில்லிங்கம் கிரவுண்டுல வாடகைக்கு ஆடினாங்க, அப்பறம் 1999ல இருந்து 2011 வரைக்கும் வித்டீன்னு ஒரு ஓட்டப்பந்தய மைதானம். அதைச் சுத்தி ஓடுதளம், தற்காலிக ஸ்டாண்டு, மழை பெய்ஞ்சா பாதி பேர் நனையணும். அந்தக் கொடுமைக்கும் ஏழாயிரம் பேர் மாதிரி போனாங்க, இடமே ஒன்பதாயிரம் கூட இல்ல. 2011ல ஃபால்மர்ல சொந்த ஸ்டேடியம் வந்தப்ப 22 ஆயிரத்துச் சொச்சம் சீட்டுதான் போட்டாங்க. முதல் சீசன் சராசரி 20,028. அதுக்கப்பறம்தான் சீட்டைக் கூட்டி முப்பதாயிரத்தைத் தாண்டினாங்க. கூட்டத்தைக் கண்ணால பாத்துட்டு அப்பறம் சீட்டு போடுறது, விரலுக்கேத்த வீக்கம்னு நம்ம வீட்டுல சொல்வாங்களே, அதான். லண்டன்ல பிரென்ட்ஃபோர்டும் இதே புத்தி. நாலு மூலைலயும் பப்பு இருந்த கிரிஃபின் பார்க்கை விட்டு 2020ல போனப்ப 17,250 சீட்டோட நிறுத்திக்கிட்டாங்க. பிரீமியர் லீக்குக்கு வந்ததும் அது சின்னதுன்னு நக்கல் பண்ணாங்க. நக்கல் பண்ணட்டும், வாரா வாரம் ஃபுல்.

அப்ப டார்லிங்டன்ல என்ன நடந்துச்சு. 2003 மே மாசம் ஃபீதம்ஸ்ல கடைசி மேட்ச், லேட்டன் ஓரியண்டோட 2-2. ஆகஸ்ட் 16 புது ஸ்டேடியத்துல முதல் மேட்ச், கிட்டர்மின்ஸ்டர் ஹாரியர்ஸ் வந்தாங்க, டார்லிங்டன் 0-2 தோத்துச்சு. கூட்டம் 11,600. கிளப்போட நாலாவது டிவிஷன் வாழ்க்கைல அது பெரிய கூட்டம்தான், ஆனா அப்பவும் பாதிக்கு மேல காலி. அந்த 11,600ஐ டார்லிங்டனோட எந்த லீக் மேட்சும் அங்க மறுபடி தொடவே இல்ல. புது வீட்டைப் பாக்க ஊரே வந்துட்டுப் போச்சு, அவ்வளவுதான். ஆசை அறுபது நாள்னு சொல்வாங்க, இங்க அறுபது நாள் கூட தாங்கல. முதல் சீசன் சராசரி அஞ்சாயிரத்தை ஒட்டி வந்துச்சு, அதாவது பழசை விட கூடத்தான், ஆனா வருஷா வருஷம் இறங்கி, நாலாயிரம், மூவாயிரம்னு வந்து, கடைசில ரெண்டாயிரத்துக்கிட்ட நின்னுச்சு. ஃபீதம்ஸ்ல வந்ததை விடவும் குறைச்சல்.

இங்கதான் அந்த நடை தூரம். டவுன் நடுவுல இருந்த கிரவுண்டு ஊருக்கு வெளிய போனதும், மேட்ச் பாக்கறதுன்றது கடைவீதிக்கு வந்ததோட ஒட்டிக்கிட்ட ஒரு வேலையா இல்லாம, கார் எடுத்துட்டுப் போய் நிறுத்திட்டு வர்ற தனி வேலையா ஆயிடுச்சு. தீவிர ஃபேன் எங்க வச்சாலும் வருவான். வரலாமா வேணாமான்னு சனிக்கிழமை காலைல யோசிக்கிற ஆளு இருக்கானே, கிளப்போட கல்லாப்பெட்டி அவனாலதான் நிறையும், அவன்தான் முதல்ல கழண்டுக்குவான். அந்த ஊர்ல இருந்து அரை மணி நேர ரயில்ல நியூகாசில், அங்க பிரீமியர் லீக்கு. எஸ்கலேட்டர் பாக்கணும்னா அவனுக்கு வேற இடம் இருக்கு.

இன்னொண்ணு, காலி சீட்டு ஒரு வியாதி, அது பரவும். மூவாயிரம் பேர் எட்டாயிரம் இடத்துல, அதுவும் ஒரு தகரக் கொட்டாய்க்குள்ள நெருக்கி நின்னா சத்தம் காதைப் பிளக்கும். அதே மூவாயிரம் பேர் 25,000 சீட்டுக்குள்ள உக்காந்தா, எட்டுக்கு ஏழு சீட்டு காலி, கோல் போட்டா கூட எங்கயோ கல்யாண மண்டபத்துல பந்தி முடிஞ்ச பிறகு கை தட்டுற மாதிரி கேக்கும். எழுந்து நடந்து எதிர்ப்பக்கம் போற பழக்கமும் போச்சு, நம்பர் போட்ட சீட்டுல எங்க போறது. முதல் தடவை வந்தவன் இதைப் பாத்துட்டு அடுத்த தடவை வரமாட்டான், அவன் வராததால இன்னும் காலி, இன்னும் காலியானதால இன்னொருத்தன் வரமாட்டான். டீம் தோத்தாலாவது அடுத்த வாரம் ஜெயிக்கலாம், 22,000 காலி சீட்டு அடுத்த வாரமும் அங்கயேதான் இருக்கும்.

செலவு பக்கம் வாங்க. ரெண்டாயிரம் பேர் வந்தாலும் இருபதாயிரம் பேர் வந்தாலும் கூரை ஒரே கூரைதான். புல்லு வெட்டணும், லைட்டு எரியணும், குழாய் உறைஞ்சு வெடிக்காம குளிர்காலத்துல பாத்துக்கணும், இன்ஷூரன்ஸ், கட்டடத்து மதிப்பை வச்சுப் போடுற வரி, எஸ்கலேட்டர் ரிப்பேர். டிக்கெட் வருமானம் தலைக்கணக்கு, பராமரிப்பு சதுர அடிக்கணக்கு, ரெண்டுக்கும் நடுவுல நாலாவது டிவிஷன் டீம். யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். போதாக்குறைக்கு 25,000 சீட்டு இருந்தும் பிளானிங் கட்டுப்பாட்டுல கூட்டத்துக்கு 10,000ன்னு வரம்பு இருந்துச்சு. அதாவது 15,000 சீட்டை சாதாரண நாள்ல விக்கவே முடியாது, ஆனா துடைச்சு வைக்கணும். கட்டினவங்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்னு இன்னும் எனக்கு ஆறல. கச்சேரி வச்சு சம்பாதிக்கலாம்னா, 2008ல எல்டன் ஜான் வந்து பாடினாரு, நல்லாதான் இருந்திருக்கும், ஆனா வருஷத்துக்கு ஒரு எல்டன் ஜானை வச்சு வாராவாரச் செலவை ஓட்ட முடியாது.

திறந்து நாலே மாசம். 2003 டிசம்பர்ல, கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போச்சு. ஜனவரில ரெனால்ட்ஸ் விலகினாரு. கிளப்பைக் காப்பாத்த ஒரு காட்சி மேட்ச் வச்சாங்க, பிரையன் ராப்சன், பால் காஸ்கோயின்னு பழைய இங்கிலாந்து டீம் ஆளுங்க எல்லாம் வந்து ஆடினாங்க, வந்த கூட்டம் 14,000க்கு மேல, ஒரு லட்சம் பவுண்டு சேந்துச்சு. இதை நான் ரெண்டு தடவை படிச்சேன். அந்த ஸ்டேடியத்துக்கு ஃபுட்பாலுக்குன்னு வந்த பெரிய கூட்டம், அந்த ஸ்டேடியம் கிளப்பைச் சாகடிக்காம தடுக்க வந்த கூட்டம்! ரெனால்ட்ஸ் கார் டிக்கில 5 லட்சம் பவுண்டு ரொக்கத்தோட 2004ல பிடிபட்டு, 2005ல வரி ஏய்ப்புக்கு மூணு வருஷம் ஜெயில்னு தீர்ப்பாச்சு. 2021ல காலமாயிட்டாரு.

ஸ்டேடியம் மட்டும் அங்கயே நின்னுச்சு. முதலாளி மாறினாங்க, பேர் மாறுச்சு, ரேடியோ ஸ்டேஷன் பேரு, ஒரு கம்பெனி பேரு, உள்ளூர் பேப்பர் பேருன்னு போர்டை மாத்திட்டே இருந்தாங்க. 2009 பிப்ரவரில ரெண்டாவது தடவை திவால் நிர்வாகம், 10 புள்ளி வெட்டு, அந்தப் பத்து இருந்திருந்தா அந்த சீசன் பிளே-ஆஃப் கிடைச்சிருக்கும். அடுத்த வருஷமே, 2010ல, லீக்கை விட்டே இறங்கிட்டாங்க. 2011ல மட்டும் ஒரு சின்ன வெளிச்சம், வெம்ப்ளில எஃப்.ஏ. டிராஃபி (லீக்குக்குக் கீழ இருக்குற டீம்களுக்கான கோப்பை) ஃபைனல், மான்ஸ்ஃபீல்டோட எக்ஸ்ட்ரா டைம் முடியப்போற நேரத்துல கிறிஸ் சீனியர் தலையால முட்டி 1-0. அப்பறம் 2012 ஜனவரி, மூணாவது தடவை. கதவைச் சாத்தப்போற நாள்ல ஃபேன்ஸ் காசு திரட்டி கொஞ்ச நாள் ஓட வச்சாங்க, ஆனா சீசன் முடிஞ்சதும் அந்த ஸ்டேடியத்தை விட்டு வெளிய வந்தாச்சு. கடனை ஒப்பந்தம் போட்டு முறையா தீர்க்காததால இங்கிலாந்து ஃபுட்பால் சங்கமான எஃப்.ஏ. இதைப் புது கிளப்புன்னு சொல்லி நாலு டிவிஷன் கீழ தள்ளினாங்க. அப்ப வச்ச பேரு டார்லிங்டன் 1883. ஸ்டேடியத்தை மவுடன் பார்க்குன்னு உள்ளூர் ரக்பி கிளப் ஒண்ணு வாங்கிக்கிச்சு.

கணக்கு காட்டுற கூட்டம், உக்காந்த கூட்டம்

அப்ப பழைய கிரவுண்டு முட்டினா மட்டும் கவலை இல்லையான்னா, அப்படியும் சொல்ல முடியாது. லண்டன் கிளப் வெஸ்ட் ஹாம் அந்தப் பக்கத்துக் கதை. 1904ல இருந்து ஆடின அப்டன் பார்க், 35,000 இடம், கடைசி சீசன் 2015-16ல கிட்டத்தட்ட ஒவ்வொரு மேட்சும் ஃபுல். 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டின லண்டன் ஸ்டேடியத்துக்கு வாடகைக்குப் போனாங்க, வாடகை வருஷத்துக்கு சுமார் 25 லட்சம் பவுண்டு, பிரீமியர் லீக் கிளப்புக்கு இது டீ காசு. முதல் சீசன்லயே சராசரி 57,000க்கிட்ட. சீட்டைப் பின்னாடி கூட்டினாங்க, 60,000, அப்பறம் 62,500. பேப்பர்ல பாத்தா மாபெரும் வெற்றி.

ஆனா டிவில பாத்தவங்களுக்கு காலி சீட்டு தெரிஞ்சுது. எப்படின்னா, பிரீமியர் லீக்ல கிளப் அறிவிக்கிற கூட்டக் கணக்கு வித்த டிக்கெட்டோட கணக்கு, கேட்டைத் தாண்டின தலையோட கணக்கு இல்ல. சீசன் டிக்கெட் வாங்கினவன் அன்னிக்கு வீட்டுல படுத்துத் தூங்கினாலும் அவன் வந்ததாதான் கணக்கு. 2018ல பிபிசி அந்த ஏரியா நகராட்சியான நியூஹாம் கவுன்சில்கிட்ட இருந்து வாங்கின எண்ணைப் போட்டாங்க, ஒரு 12 மேட்சுக்கு கிளப் சொன்ன சராசரி 55,000க்கு மேல, உள்ள வந்தவங்க 43,000க்கும் கீழ. பன்னிரண்டாயிரம் பேர் டிக்கெட்டாவே உக்காந்திருக்காங்க. போன புதுசுல குறைஞ்ச சீசன் டிக்கெட் 289 பவுண்டுன்னு மலிவா வித்ததும் இதுக்குக் காரணம்னு நான் நினைக்கிறேன். விலை கம்மியா வாங்கினதை வீணாக்க மனசு வலிக்காது.

ஒண்ணு மட்டும், 43,000ன்னாலும் அது அப்டன் பார்க்கை விட அதிகம். அதனால கூட்டம் கூடலன்னு சொல்றது பொய். கூடுச்சு, ஆனா ஃபேன்ஸ் சந்தோஷமா இல்ல. ஓட்டப்பந்தயத்துக்குக் கட்டின இடம், கோல் போஸ்டுக்கும் முதல் வரிசைக்கும் நடுவுல ஒரு கல்யாணப் பந்தலே போடலாம். அப்டன் பார்க்ல கார்னர் எடுக்கிறவன் காதுல விழற மாதிரி திட்டலாம், இங்க திட்டினா பாதி வழில காத்துல போயிடும். 2018 மார்ச்ல பர்ன்லிகிட்ட 3-0 தோத்த மேட்ச்ல ஆளுங்க கிரவுண்டுக்குள்ளயே இறங்கிட்டாங்க, முதலாளிங்க உக்காந்த இடத்துக்கு முன்னாடி போய் கூட்டம் கத்துச்சு. அஞ்சு வருஷம் கழிச்சு, 2023ல, ஐரோப்பியக் கோப்பை ஒண்ணு ஜெயிச்சதும் சத்தம் கொஞ்சம் அடங்குச்சு.

வெஸ்ட் ஹாமுக்கு இதெல்லாம் தலைவலி. டார்லிங்டனுக்கு உயிர் போச்சு. டிவி காசு கோடிக்கணக்குல வர்ற கிளப்புக்கு காலி சீட்டுன்னா கௌரவப் பிரச்சினை, கேட் காசை நம்பி இருக்குற கிளப்புக்கு அது சாப்பாட்டுப் பிரச்சினை. சண்டர்லண்டையே பாருங்க, பின்னாடி மூணாவது டிவிஷன் வரைக்கும் விழுந்தாங்க, 2018 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிராட்ஃபோர்டு மேட்சுக்கு 46,039 பேர் வந்தாங்க, மூணாவது டிவிஷனுக்கு! அது ஸ்டேடியம் இழுத்த கூட்டம் இல்ல, நூறு வருஷமா அந்த ஊர்ல இருந்த கூட்டம், ஸ்டேடியம் அதுக்கு உக்கார இடம் குடுத்துச்சு.

டார்லோ கதைக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. 2012ல ஒன்பதாவது படில இருந்து திரும்ப ஆரம்பிச்சாங்க, இந்தத் தடவை கிளப் ஃபேன்ஸ் கையில. சொந்த ஊர்ல கிரவுண்டு இல்ல, பிஷப் ஆக்லண்டுன்னு பக்கத்து ஊர் டீம்கிட்ட வாடகைக்கு ஆடினாங்க. முதல் சீசனே சாம்பியன், நாலு சீசன்ல மூணு புரமோஷன். ஃபீதம்ஸுக்குத் திரும்பலாம்னா அதை 2006லயே இடிச்சாச்சு, அந்த இடத்துல இப்ப வீடு, வாசல்ல இருந்த ரெட்டை கோபுரம் மட்டும் நிக்குது. ஃபேன்ஸ் காசு போட்டு பிளாக்வெல் மெடோஸ்னு ஒரு ரக்பி கிளப்போட கிரவுண்டுல பங்கு சேந்து இடத்தைச் சரி பண்ணாங்க. 2016 டிசம்பர் 26, ஹாலிஃபாக்ஸோட முதல் மேட்ச். கொள்ளளவு 3,000, டிக்கெட் எல்லாம் வித்துப் போச்சு, 3-2 ஜெயிச்சாங்க. ஃபீதம்ஸோட கடைசி சீசன்ல வந்துட்டு இருந்த அதே மூவாயிரம்.

அந்த சீசன் ஆறாவது படியான நேஷனல் லீக் நார்த்ல அஞ்சாவது இடம் பிடிச்சாங்க, பிளே-ஆஃப் இடம். ஆனா ஆட விடல. லீக் விதிப்படி கிரவுண்டுல உக்கார்ற சீட்டு 500 இருக்கணும், பிளாக்வெல் மெடோஸ்ல அவ்வளவு இல்ல. அதே ஊர்ல ஏ66 பக்கம் 25,000 சீட்டு தூசி படிஞ்சு கிடக்குது, டார்லிங்டனுக்கு சீட்டு பத்தலன்னு புரமோஷன் போச்சு.